செவ்வாய்க்கிழமைப் பட்டியல்

நாக்கின் வலது ஓரத்தில், சற்றே பின்பக்கமாக, கடுகளவு வெள்ளைப் புண். அதை முதலில் கண்ணாடியில் பார்த்த அன்று நாட்குறிப்பில் இப்படி எழுதினேன்: "வலது ஓரம். இரண்டு மில்லிமீட்டர். வலி இல்லை." சின்ன அளவுகோல் ஒன்றை நாக்கின் மேல் வைத்து அளந்தேன். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குக் கிளம்பும் முன் அளந்தேன். நான்கு மாதங்கள் அளந்தேன்.

அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து கூராக இருந்தது. அது உரசி வந்த புண், தானாக ஆறிவிடும் என்று நானே தீர்மானித்தேன். எனக்குப் புகையிலைப் பழக்கம் இல்லை, வெற்றிலை கூட இல்லை. அதனால் பயமும் இல்லை. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது வாயில் புண் வந்து இரண்டு மூன்று வாரமாகியும் ஆறவில்லை என்றால், அளவுகோலைத் தூரப் போட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். நான் சொல்ல வந்தவற்றில் உடனடியாகப் பயன்படக்கூடியது இது ஒன்றுதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த பெண் மருத்துவர் என்னைவிட இருபது வயது இளையவர். நாக்கைத் துணியால் பிடித்து இழுத்துப் பார்த்தார். கழுத்தை விரல்களால் அழுத்தினார்.

"எப்பலேர்ந்து இருக்கு சார்?"

நாட்குறிப்பை எடுத்துக் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன். அவர் பக்கங்களைப் புரட்டினார். கடைசி அளவு பதினெட்டு மில்லிமீட்டர்.

"வாராவாரம் அளந்திருக்கீங்க. ஒரு வாரம் இங்க வந்திருக்கலாமே."

திசுப் பரிசோதனை செய்தார்கள் (புண்ணின் ஓரத்திலிருந்து சிறு துண்டு வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பது). புற்றுநோய். அறுவை சிகிச்சையில் நாக்கின் வலது பாதியையும் கழுத்தின் நெறிக்கட்டிகளையும் (நோய் பரவினால் முதலில் போய்த் தங்கும் இடம்) எடுத்துவிட்டார்கள். இடது முன்கையிலிருந்து தோலை ரத்தக்குழாயோடு உரித்தெடுத்து, நாக்கின் வடிவில் மடித்து, வாய்க்குள் தைத்தார்கள். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய். உணவும் மருந்தும் அதன் வழியாகத்தான்.

மூன்றாவது வாரம் என் புதிய நாக்கில் முடி முளைத்தது. கைத்தோல் அல்லவா, தன் வேலையை அது மறக்கவில்லை. இது சாதாரணம்தான் என்றார் மருத்துவர். அடுத்து வரப்போகும் கதிர்வீச்சு அதை எரித்துவிடும் என்றார். எதையெல்லாம் எரிக்கும் என்று நான் சிலேட்டில் எழுதிக் கேட்டேன்.

என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். என் பெயர் சவரிநாதன். வயது ஐம்பத்து மூன்று. புதுச்சேரி டவுனில் ஒரு பங்குக் கோயிலின் அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக எழுத்தர். ஞாயிறு பூசையில் வாசகம் படிப்பதும் நான்தான். நான் வாசித்தால் கடைசி பெஞ்சு வரை கேட்கும். அந்த நாக்கின் பாதி ஆஸ்பத்திரி ஜாடி ஒன்றில் போனது.

எங்கள் கோயிலில் பூசைக்குப் பெயர் கொடுப்பது வழக்கம். ஒருவர் யாருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறாரோ, அந்தப் பெயரைப் பூசை தொடங்கும் முன் வாசிப்பார்கள். நோயாளிக்காகக் கொடுக்கலாம், நன்றியாகக் கொடுக்கலாம், இறந்தவரின் ஆன்மாவுக்காகவும் கொடுக்கலாம். எல்லாம் கலந்து வந்ததால் குழப்பமாக இருந்தது. நான் வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தேன். அட்டையில் என் கையால் எழுதி அலுவலக ஜன்னலில் ஒட்டினேன்: "நோயுற்றோருக்கும் நன்றிக்கும் சனிக்கிழமை மட்டும். மற்ற நாட்கள் இறந்தோருக்கு." அதன்பின் குழப்பம் இல்லை. எந்தக் கோயில் சட்டத்திலும் இல்லாத சட்டம் அது, என்னுடையது. சாமியார்கள் மாறிப் போனார்கள். அட்டை இருந்தது.

அந்த அட்டையின் முன்னால் ஒரு நாள் அஞ்சலை நின்றாள். வைத்திக்குப்பத்துக்காரி. எங்கள் தெருவில் மீன் விற்பவள். கோயில் அவளுக்கு அம்மன் கோயில்தான். ஆனால் செவ்வாய்க்கிழமையானால் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி கொளுத்தாமல் கூடையைத் தூக்கமாட்டாள். அவள் கணவன் மாயவன் கடலுக்குப் போய் அப்போது நான்கு மாதம். படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை.

"அவரு பேர்ல ஒரு பூச வைக்கணும் சார்."

"செத்துட்டாரா?"

"தெரில சார்."

"அப்ப உயிரோட இருக்காரா?"

அவள் அட்டையைப் பார்த்தாள்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லணும்மா. எந்தப் பக்கம் எழுதறது? தெரிஞ்சதும் வா."

வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டேன். அன்றைய நாட்குறிப்பில் இது பற்றி ஒரு வரியும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். மழை பெய்ததாக எழுதியிருக்கிறேன்.

ஒரு மாதம் அவள் எங்கள் தெருப் பக்கம் வரவில்லை. பிறகு வந்தாள். மீன் விற்கவேண்டுமே. என் மனைவி தெரேசாவிடம் எப்போதும்போல் பேசினாள். நான் அந்த விஷயத்தை முடிந்ததாக எடுத்துக்கொண்டேன். இது நடந்து ஏழு ஆண்டுகள்.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அஞ்சலை ஒரு தூக்குச் சட்டியோடு வந்தாள். கெழங்கா மீனை வேகவைத்துப் பிசைந்து துணியில் வடிகட்டிய சாறு. தெரேசா அதை ஊசிக்குழலில் ஏற்றி மூக்குக்குழாயில் விட்டாள். பாதியில் நின்றுவிட்டது. துணியைத் தாண்டி வந்த ஒரு செதில் குழாயை அடைத்திருந்தது. அதை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பழைய குழாயை உருவிப் புதிதாக நுழைத்தார்கள். தைத்த வாயோடு குழாயை விழுங்குவது எப்படி இருக்கும் என்று விவரிக்கப்போவதில்லை.

மறுநாள் அவள் மறுபடி தூக்குச் சட்டியோடு வந்து நின்றபோது, சிலேட்டில் பெரிய எழுத்தில் எழுதி அவள் முகத்துக்கு நேரே காட்டினேன்: "மூடத்தனம். இனி வராதே."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. சிலேட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இன்னாண்ணே எழுதிகீறாரு?" என்று குப்புசாமியிடம் கேட்டாள்.

குப்புசாமி என்னோடு பள்ளியில் படித்தவன். மில்லில் வேலை பார்த்தான். மில் மூடிய பிறகு ஆட்டோ. உழவர்கரையில் வீடு. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது தன் வேலை என்று அவனாகவே எடுத்துக்கொண்டவன். சிலேட்டைப் படித்தான். என்னைப் பார்த்தான்.

"மெர்சின்னு எழுதிகீறாரு. முசே படிச்சவரு, பிரெஞ்சுலதான் நன்றி சொல்லுவாரு."

"அதுக்கு இன்னா, இருக்கட்டும்," என்றாள். "இன்னிக்கி ரெண்டு துணி போட்டு வடிச்சன் சார்."

நான் உணராத நன்றியை என் சார்பில் ஒருவன் சொல்லிவிட்டான். அதை அவள் வாங்கிக்கொண்டும் போய்விட்டாள். சிலேட்டை அழித்தேன். சாறு இறங்கியது.

கதிர்வீச்சு முப்பது தடவை. வாரத்தில் ஐந்து நாள். தொடங்கும் முன் ஏழு பற்களைப் பிடுங்கினார்கள் (கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் ஆறாது). முகத்தின் அளவுக்கு வலை போன்ற பிளாஸ்டிக் முகமூடி செய்து, அதை என் முகத்தோடு சேர்த்து மேசையில் திருகிவிடுவார்கள். அசைய முடியாது, விழுங்க முடியாது. எச்சில் தொண்டையில் தேங்கும். எல்லோரும் அறையை விட்டு வெளியே போய்க் கனமான கதவைச் சாத்திக்கொள்வார்கள். பத்து நிமிடம்தான்.

பத்தாவது தடவைக்குப் பிறகு வாயின் உள்சவ்வு வெந்து உரியத் தொடங்கியது. எச்சில் கயிறு போலத் திரண்டது. கழுத்துத் தோல் கறுத்து வெடித்தது. எடை அறுபத்தெட்டிலிருந்து ஐம்பத்திரண்டு.

குப்புசாமி தினமும் ஒன்பதரைக்கு வந்து ஹாரன் அடிப்பான். வழியெல்லாம் பேச்சு. "இப்பதான்யா உன் வாயி நல்லாருக்குது. இத்தினி வருசமா ஒருத்தன பேச உட்டதில்ல நீ." ஆட்டோவின் உள்பக்கம் சாக்பீஸால் கோடு போட்டுத் தடவைகளை எண்ணினான். எப்போதும் தப்பாக எண்ணினான். பதினாறு முடிந்த அன்று இருபது கோடு இருந்தது. "இன்னும் பத்துதான்," என்றான். நான் ஆத்திரத்தோடு சிலேட்டில் பதினான்கு என்று எழுதிக் காட்டினேன். மறுநாள் வேண்டுமென்றே இன்னொரு கோடு அதிகம் போட்டான். திருத்துவதற்காகவே நான் ஆட்டோவில் ஏறிய நாட்கள் உண்டு.

பதினேழாவது தடவையில் முகமூடிக்குள் வாந்தி வந்தது. கையில் கொடுத்திருந்த அழைப்பு மணியை அழுத்தினேன். அவர்கள் ஓடிவந்து திருகுகளைக் கழற்ற ஆன நேரம் அரை நிமிடம்கூட இருக்காது. அந்த அரை நிமிடத்தில் நான் எந்தச் செபமும் சொல்லவில்லை. ஆண்டவரின் நினைவே வரவில்லை. அது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஐம்பது வருடம் தவறாமல் கோயிலுக்குப் போனவனுக்குள்ளே ஒன்றும் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து எழுதினேன்: "போதும்." தெரேசா படித்துவிட்டுச் சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அடுப்படிக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள். வெள்ளிக்கிழமை போகவில்லை. திங்கட்கிழமையும் போகவில்லை. இரண்டு நாளும் குப்புசாமி வந்து ஹாரன் அடித்தான், அரை மணி நின்றான், போனான்.

நடுவில் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மிச்சமிருக்கும் புற்றுநோய் அணுக்கள் மறுபடி வளரும், முன்பைவிட வேகமாக. தெரிந்தே நிறுத்தினேன்.

செவ்வாய்க்கிழமை. காலை பூசை ஆறு மணிக்கு. ஏழு மணிக்கு முன்பாகவே வாசலில் ஆள் குரல் கேட்டது. பக்தசபைத் தலைவர் கையில் மாலையோடு நின்றிருந்தார். பின்னால் ஐந்தாறு பேர்.

"மனச தேத்திக்கோம்மா. அடக்கம் எத்தன மணிக்கு வச்சிருக்கீங்க?"

"யாருக்குங்க?" என்றாள் தெரேசா.

அவர் விழித்தார். காலைப் பூசையில் இறந்தோர் பட்டியலில் என் பெயரை வாசித்திருக்கிறார்கள். பட்டியலில் மூன்றாவது பெயராம்.

நான் ஜன்னலுக்கு உள்ளே நாற்காலியில், மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தேன். திரை மூடியிருந்தது. கூட்டத்தின் பின்பக்கம் நின்றவர்களுக்கு இன்னும் விஷயம் போய்ச் சேரவில்லை. ஜன்னலை ஒட்டி இரண்டு பெண்கள் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"யாருக்கும் ஒரு கெடுதல் செஞ்சதில்ல பாவம்."

"நல்லதும் செஞ்சதில்ல."

"செத்தவர போயி... கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

"அது இருக்கும்."

வேறு ஏதாவது சொல்வார்களா என்று காத்திருந்தேன். இல்லை.

தன் இரங்கல் பேச்சைக் கேட்கும் வாய்ப்பு பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பதில்லை. எனக்குக் கிடைத்தது. அவ்வளவுதான் இருந்தது.

தெரேசா திரையை விலக்கினாள். என்னைப் பார்த்த ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். தலைவர் மாலையை என்ன செய்வது என்று தெரியாமல், கடைசியில் எங்கள் கேட்டின் கம்பியில் மாட்டிவிட்டுப் போனார்.

அவர்கள் கலைந்துகொண்டிருக்கும்போது குப்புசாமியின் ஆட்டோ வந்தது. தெருமுனையிலேயே கேள்விப்பட்டிருக்கிறான். இறங்கும்போதே சிரிப்பு.

"யோவ் சவரி, செத்துட்டியாமே. ஒரு வார்த்த சொல்லல?"

சிலேட்டில் எழுதினேன்: "யார் கொடுத்தது?" தெரேசாவுக்கும் தெரியவில்லை. அப்போது கேட்டருகில் கூடையை இறக்கி வைத்த சத்தம் கேட்டது. அஞ்சலை மாலையைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"நான்தான் குடுத்தன்," என்றாள். "ஆஸ்பத்திரிக்கி போவ மாட்டன்னுட்டாருன்னு தெரேசாம்மா சொல்லிச்சே. அந்தோணியாரு நாளாச்சேன்னு செவ்வாக்கெழம பூசைக்கி பேரு சொன்னன். உங்க எடத்துல புதுசா ஒரு பொண்ணு குந்திகீது. அட்டைய பாத்துது, எழுதிக்கிச்சி. அதுக்கு இன்னா இப்ப?"

அந்தப் பெண் தவறு செய்யவில்லை. அட்டையில் என்ன இருந்ததோ அதைத்தான் செய்தாள். செவ்வாய்க்கிழமை பெயர் கொடுத்தால் இறந்தவர். என் சட்டம் என்னை அடக்கம் செய்திருந்தது.

குப்புசாமி விளக்கிச் சொன்னான். அஞ்சலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தலையில் அடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"செத்தவங்கள்ல எழுதுன்னு நான் சொல்லல சார். ஆனா நீ இன்னா உயிரோடவா கீற? போவவும் மாட்டன்ற, இருக்கவும் மாட்டன்ற. என் ஊட்டுக்காரன் வரானா வரலையான்னு ஏழு வருசம் கரைய பாத்துனு நின்னன். ராவும் பகலும். சோறு எடுத்து வக்கலாமா வேணாமான்னு தெரியாம. இன்னொரு ஆள அப்டி பாக்க என்னால ஆவாது. தெரேசாம்மாவாலயும் ஆவாது. இருக்கறதுன்னா இரு. போறதுன்னா போயிடு."

நான் சிலேட்டை எடுத்தேன். கீழே வைத்தேன். நான் எழுத்தால் பேச முடியாத ஒரே ஆள் அவள். வாயைத் திறந்தேன். "மன்னிச்சிடு" என்று சொல்ல முயன்றேன். ஒரு சொல்லாகவும் இல்லாத ஏதோ ஒரு சத்தமும், கொழகொழவென்று ரத்தம் கலந்த எச்சிலும்தான் வந்தன. தெரேசா வாயைத் துடைத்தாள். அஞ்சலைக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள முயலவும் இல்லை. கூடையைத் தலைக்கு ஏற்றிவிடச் சொல்லி குப்புசாமியைக் கூப்பிட்டாள்.

அவன் ஏற்றிவிட்டான். பிறகு கேட்டில் தொங்கிய மாலையை எடுத்து ஆட்டோவின் முன்கண்ணாடியில் போட்டான்.

"பூ வீணா போவுது. மாலையும் வந்தாச்சி, வண்டியும் வந்தாச்சி. எங்க போவுணும்னு நீ சொல்லு."

சட்டையை மாட்டிக்கொண்டேன். எனக்கு வந்த மாலையோடு அன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிக்னலில் நின்றபோது பக்கத்து வண்டிக்காரர், புது ஆட்டோவா என்று கேட்டார். "வண்டி பழசு. ஆளுதான் புதுசு," என்றான் குப்புசாமி.

பதினெட்டாவது தடவை.

அதன்பின் மிச்சமிருந்த பன்னிரண்டும் எளிதாக இருந்தன என்று சொன்னால் அது பொய். இருபத்து நான்கில் மறுபடி வாந்தி. இருபத்து ஆறில் கழுத்துக் காயத்தில் சீழ். அருள் ஒன்றும் இறங்கிவரவில்லை. ஆனால் முகமூடியைத் திருகி எல்லோரும் வெளியே போன பிறகு, நான் பலமுறை கோயிலில் வாசித்த ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வரும். படுக்கையாகக் கிடந்த ஒருவனை அவன் ஆட்கள் தூக்கிவந்து, கூட்டத்தால் உள்ளே போக வழியில்லாமல் கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்குகிறார்கள். இருபது வருடம் அதை அழுத்தந்திருத்தமாக வாசித்திருக்கிறேன். அவர் பார்த்தது தூக்கிவந்தவர்களின் நம்பிக்கையை. கிடந்தவனுக்கு நம்பிக்கை இருந்ததா என்று அங்கே ஒரு பேச்சும் இல்லை. அவன் ஒருவேளை தூக்கிவந்தவர்களைத் திட்டிக்கொண்டே கூட வந்திருக்கலாம்.

என்னிடம் நம்பிக்கை இல்லை என்று எனக்கு முகமூடிக்குள் தெரிந்துபோயிருந்தது. அது வெளியே, ஆட்டோ நிறுத்துமிடத்தில் பீடி குடித்துக்கொண்டு தப்பாக எண்ணிக்கொண்டிருந்தது. வைத்திக்குப்பத்தில் இரண்டு துணி போட்டு வடிகட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே ஞானஸ்நானம் பெற்றவர்கள் அல்ல. இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே நன்றி சொல்லக் கற்றுக்கொண்டேன்.

மூக்குக்குழாயை எடுத்தது நான்காவது மாதம். முதலில் விழுங்கியது ஒரு தேக்கரண்டி தண்ணீர். இருமி, மூக்கு வழியாக வந்தது. ருசி எதுவும் தெரியவில்லை. உப்பு மட்டும் ஆறு மாதம் கழித்துத் திரும்பியது. எச்சில் திரும்பவில்லை. தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே போவதில்லை. பேச்சுப் பயிற்சியாளர் கண்ணாடி முன் உட்காரவைத்து ஒலி ஒலியாகச் சொல்லித்தந்தார். உதட்டால் வருபவை வந்தன. நாக்கால் வருபவை அரைகுறை.

எட்டாம் மாதம் அலுவலகத்துக்குத் திரும்பினேன். ஞாயிறு வாசகம் படிக்கட்டுமா என்று சாமியாரிடம் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கேக்கறவங்களுக்குப் புரியணும்ல," என்றார். நியாயம்தான். அன்று மாலை ஜன்னலில் இருந்த அட்டையைக் கிழித்தேன். இருபது வருடப் பசை, சுரண்டித்தான் எடுக்கவேண்டியிருந்தது.

மறுநாள் காலை அஞ்சலை கூடையோடு வந்தபோது வாசலுக்குப் போய் நின்றேன். ஒரு மாதமாகப் பழகிவைத்திருந்த சொல்லைச் சொன்னேன்.

"மாயவன்."

அவள் கை மீனின் மேலேயே நின்றது. அந்தப் பெயரை யாரும் அவளிடம் உரக்கச் சொல்லி எவ்வளவு காலம் ஆகியிருக்குமோ.

"பூசை," என்றேன். "எழுதறேன்."

"இப்பவா?" என்றாள். "சர்க்கார்லயே செத்துட்டாருன்னு எழுதிக் குடுத்துட்டாங்க சார், ஏழு வருசம் முடிஞ்சதும். அன்னிக்கி வந்து நின்னப்ப எழுதியிருந்தா எனக்கு எம்மா நல்லாருந்திருக்கும் தெரிமா? அன்னிக்கி உன் வாயி நல்லாதான இருந்திச்சி."

மன்னிப்பு என்ற சொல் எனக்கு இன்னும் ஒழுங்காக வராது. வந்திருந்தாலும் அது அந்த இடத்தில் சின்னதாகத்தான் இருந்திருக்கும். அவள் மீனைப் புரட்டி, செவுளைத் தூக்கிப் பார்த்து, நான்கு கெழங்காவை எடுத்துத் தெரேசாவின் தட்டில் வைத்தாள். கூடையைத் தூக்கப் போனவள் நின்றாள்.

"எந்தப் பக்கம் எழுதுவ?"

கையை விரித்தேன்.

"ரெண்டு பக்கமும் எழுது," என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் மாயவன் என்ற பெயரை இறந்தோரில் ஒருமுறையும், இருப்போரில் ஒருமுறையும் எழுதினேன். என் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல். சாமியார் இரண்டையும் வாசித்தார். பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அஞ்சலை இரண்டு முறையும் தலையைத் தூக்கினாள். பக்கத்தில் குப்புசாமி, எப்போது எழுந்திருப்பது எப்போது உட்காருவது என்று தெரியாமல் எல்லோருக்கும் ஒரு கணம் பின்னால் எழுந்தான், உட்கார்ந்தான்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் என் கழுத்தை அழுத்திப் பார்க்கிறார். அவர் விரல் ஓர் இடத்தில் சற்று அதிக நேரம் நின்றால் எனக்கு மூச்சு நிற்கும். ஐந்து வருடம் தாண்டினால் பார்க்கலாம் என்கிறார். அதற்குள் திரும்பி வரலாம். முன்பெல்லாம் டிசம்பரிலேயே அடுத்த ஆண்டின் நாட்குறிப்பில் திருநாட்களையும் வேலைகளையும் குறித்துவிடுவேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. அன்றைய சாப்பாடு முடிந்த பிறகுதான் அன்றைய பக்கம்.

வாய்க்குள் என் கைத்தோல் இருக்கிறது. இடது கையில் அது இருந்த இடம் பள்ளமாக, தொட்டால் உணர்ச்சியில்லாமல் இருக்கிறது. முள் இருந்தால் நாக்குக்குத் தெரியாது. ஆகவே அஞ்சலை செவ்வாய்க்கிழமைகளில் வியாபாரம் முடிந்து வந்து, தெரேசா வேகவைத்த மீனை உதிர்த்து, விரலால் தடவி முள் எடுத்துத் தருகிறாள். எடுத்துக்கொண்டே என்னைத் திட்டுகிறாள். நான் இடது பக்கமாகத் தள்ளித் தள்ளி மெல்கிறேன்.

நேற்றைய பக்கத்திலிருந்து: "செவ்வாய். பூசைக்குப் போனேன். கெழங்கா, இரண்டு துண்டு. முள் இல்லை. நாற்பது நிமிடம்."